பாலையடி அவுலியாவும் என் அரிக்கன் லாம்பும்

786

முல்லைத்தீவு
24.03.1963

அன்பு மகள் ஸக்கியாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஆடும் கோழியும் படைத்தவன் காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், வாப்பாவும் இருக்கிற இடத்தில் சுகம். அந்தப் பதுளைக் குளிரில் நீயும் மருமகனும் என் பேரனும் இருமல் சளி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். எழுத்து கோழி கிண்டினது போல இருக்கிறதே என்று சிரிக்காதே. வழக்கமாக நான் சொல்லச் சொல்ல வாப்பாதான் எழுதுவார், நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டுத் தன்னுடைய புத்திமதியைச் சேர்த்துக்கொள்வார். இந்தக் கடிதத்தை அவர் கையால் எழுதுவிக்க முடியாது, ஏனென்றால் முழுக்க அவரைப் பற்றியதுதான். குசினியில் இருந்து எழுதுகிறேன், பக்கத்தில் பருப்பு வேகிறது, கடதாசியில் மஞ்சள் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

வாப்பா ஊர் சுற்றும் பாவாமாரோடு சேர்ந்து பக்கீராகப் போகிறாராமே, வீட்டையும் வயலையும் உங்களையும் விட்டுவிட்டு மலையேறப் போகிறாராமே, உண்மையா உம்மா என்று நீ பதறி எழுதியிருந்தாய். லொறிக்காரன் வந்து மருமகனின் கடையில் சொன்னானாம். அவன் சொன்னது பொய்யில்லை, போகத்தான் வெளிக்கிட்டார். இங்கிருந்து நடந்து பலாங்கொடைப் பக்கம் ஜெய்லானி மலைக்குப் போய், குகையில் இருந்து படைத்தவன் பேரைச் சொல்லித் திக்று செய்துவிட்டு, அங்கேயே ஊர் ஊராக இரந்து சாப்பிட்டுக் காலத்தைக் கழிப்பதாகத் திட்டம். மீனில் முள்ளிருந்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிற மனிசன் இரந்து சாப்பிடப் போகிறாராம். நீ பதறாமல் வாசி. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நம்முடைய பாலையடி அவுலியாவின் கப்றை நீ மறந்திருக்க மாட்டாய், குளக்கட்டுக்குக் கீழே பாலை மரத்தடியில் வெள்ளை அடித்துப் பச்சைத் துணி போர்த்துக் கிடக்குமே. ஆர் அவர், எங்கிருந்து வந்தார், எப்போது மவுத்தானார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பேர்கூடத் தெரியாது, மரத்தின் பேரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறோம். மற்ற ஊர் அவுலியாமாருக்கு மாலைப்பாட்டு இருக்கிறது, கப்பலைக் காத்தார், பாம்பு விஷத்தை இறக்கினார் என்று றபான் தட்டி விடிய விடியப் படிக்கிறார்கள். நம்முடையவருக்கு ஒரு வரி கிடையாது. கந்தூரிக்குக் கந்தூரி அடுத்த ஊர் அவுலியாவின் பாட்டைப் படித்துவிட்டு நம்முடையவர் பேரில் சோறு தின்றோம். இந்தப் போகம் வெள்ளாமை நன்றாக விளைந்த தைரியத்தில் பள்ளி மரைக்கார்மார் எல்லாரும் கூடி, இனி இந்த அவமானம் கூடாது என்று மன்னாரிலிருந்து மஸாஹிர் புலவரைக் கூட்டி வந்தார்கள். இளவயதுக்காரர், மெலிந்த ஆள், ஆனால் சாப்பாட்டில் மெலிவில்லை. நம் வீட்டில்தான் தங்கினார், என் சேவல்கள் பாதி அவருடைய பாட்டுக்குள் போய்விட்டன.

புலவர் பள்ளியில் உட்கார்ந்து, உங்கட அவுலியா என்ன அற்புதம் செய்தவர், என்ன கராமத்துக் காட்டினவர், சொல்லுங்கோ, அதை வைச்சுத்தான் பாடலாம் என்று கேட்டாராம். எல்லாரும் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார்களாம். ஒருத்தர், அந்த மரத்தடியில் காறித் துப்பினவனுக்கு வாய்ப்புண் வந்தது என்றாராம். புலவர் அது ஒரு அடிக்குக்கூடக் காணாது என்று சொல்லிவிட்டாராம். அப்போதுதான் உன் வாப்பா எழும்பினார். போன மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்த அன்று, கண் தெரியாத மழையில், தான் மல்லாவிச் சந்தையால் வரும்போது வழி தவறி வெள்ளத்துக்குள் இறங்கிவிட்டதாகவும், கட்டின் மேலே ஒரு பெரிய வெளிச்சமும் பச்சைப் போர்வையும் தோன்றி ஒரு குரல் தன்னைக் கூப்பிட்டதாகவும், அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏறித்தான் தப்பினதாகவும் கண்ணீரோடு சொன்னாராம். புலவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும், உடனே எழுதத் தொடங்கிவிட்டார்.

மகள், இப்போது நான் சொல்லப்போவதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த வெளிச்சம் நான்தான். அன்றைக்கு நீயும் இங்கேதான் இருந்தாய், பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள், உள்ளறையில் படுத்திருந்தாய். பொழுது பட்டு மஹ்ரிப் ஆகும் நேரம், பின் தாழ்வாரத்தில் கட்டியிருந்த அந்தச் செவத்தக் கிடாயைக் காணவில்லை. நான் உனக்குப் பால் சுரக்கட்டும் என்று சுறா வெட்டிக்கொண்டிருந்தவள், கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல், மழைக்குப் பச்சைக் கரை போட்ட சீனிச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறினேன். கீழே வெள்ளத்துக்குள் ஒரு உருவம் மதகுத் துருசடிக் குழிப் பக்கமாக நடந்து போகிறது. அந்தக் குழி இரண்டு எருமையை விழுங்கின குழி. நான் லாம்பை உயர்த்தி ஆட்டி, எந்தக் கண்கெட்ட மடையனடா அது, அங்கால போகாத, குழி, இஞ்சால ஏறு என்று தொண்டை கிழியக் கத்தினேன். உருவம் திரும்பிக் கட்டுப் பக்கம் வந்தது. அதே நேரம் அந்தப் பக்கம் கிடாய் கத்தின சத்தம் கேட்டது, நான் அதைப் பிடிக்க ஓடிவிட்டேன். ஆட்டை இழுத்துக்கொண்டு பின் வாசலால் வந்தால், முன் வாசலில் உன் வாப்பா நனைந்த கோழியாக நின்று, ஜொஹறா, அவுலியா என்னைக் காப்பாத்திப் போட்டார் என்று நடுங்குகிறார். அப்போதுதான் அந்த மடையன் ஆர் என்று எனக்கு விளங்கியது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், நாற்பதுக்குள் இருக்கிற பிள்ளைத்தாயை மஹ்ரிப் நேரம் தனியே விட்டுவிட்டு ஆடு தேடப் போனாயா என்று ஊரே என்னைத் தின்னும். சாக்கைப் பிழிந்து ஆணியில் கொழுவிவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கோப்பி போட்டுக் கொடுத்தேன். வாப்பா உன்னிடமும் வந்து அந்தக் கதையைச் சொல்லிப் பேரனின் நெற்றியில் ஊதினது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நான் அத்தோடு முடிந்தது என்று இருந்தேன், கந்தூரி வந்தது. அஸர் தொழுதபின் ஆண்கள் பந்தலில் வட்டமாக இருந்து றபானைச் சூடு காட்டித் தட்டத் தொடங்கினார்கள், நாங்கள் திரைக்குப் பின்னால். புலவர் எடுத்துக் கொடுக்க வாப்பா முன்பாட்டுப் படிக்கிறார், அவருடைய குரல் உனக்குத் தெரியும், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடாதது போல. எட்டு அடி எழுதுகிறேன், நீயே பார்.

ஆயிரம் சூரியன் கையேந்தி – இருள்
ஆழியின் மீதினில் வந்தாரே
வாயினில் கஸ்தூரி வாசமெழ – எங்கள்
வான்மடை ஓரத்தில் நின்றாரே

பச்சைப் போர்வை அசைந்திடவே – எங்கள்
பாலை நிழலமர் நாதாவே
அச்சம் கொண்டவர் பேர்சொல்லியே – அன்று
அன்பாய் அழைத்த சீமானே

மகள், அரைப்போத்தல் மண்ணெண்ணெய் கொள்ளாத, ஒரு பக்கக் கண்ணாடி வெடித்த லாம்பு ஆயிரம் சூரியனாம். சீனிச் சாக்கு பச்சைப் போர்வையாம். சுறா வெட்டின நாற்றம் கஸ்தூரி வாசமாம். அன்பாய் அழைத்தேனாம், பேர் சொல்லியாம். எனக்குச் சிரிப்பு வந்தது பார், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். மற்றப் பெண்கள் எல்லாம் குரவை போட்டு அழுகிறார்கள். இராசமலர்கூட, அதுதான் நம் வண்டிக்கார ஏரம்புவின் பெண்சாதி, பிள்ளைக்கு நேர்த்தி வைத்து வந்திருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் அக்கா குலுங்குறியள் என்று கேட்டாள். பல்லுக் குத்து என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் ஒன்றை உள்ளபடி எழுத வேண்டும். இரண்டாந்தரம் அந்த அடிகளைப் படிக்கும்போது வாப்பாவின் குரல் உடைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, றபானைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைத் திரை ஓட்டையால் பார்த்தபோதுதான், அந்த மனிசன் அன்றைக்கு இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் நான் இந்தப் பக்கம் விதவையாக இத்தா இருந்திருப்பேன் என்பது எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் ஆட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்றுபோய் நானும் அழுதேன். பல்லுக் குத்துக் கூடிப்போச்சுது போல என்று இராசமலர் கராம்பு எடுத்துத் தந்தாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. பாட்டில் வந்த ஆள் என்று சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது, வாப்பா ஓதி ஊதுகிறார். காய்ச்சல் பிள்ளைக்கு ஊதினார், அது அடுத்த நாள் எழும்பி விளையாடியது, அது எப்படியும் எழும்பித்தான் இருக்கும். கத்தரிக்காயும் முட்டையும் வந்து குவிகின்றன, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனிசன் வயல் பக்கம் போவதில்லை, சூடு மிதித்த நெல்லை ஏரம்பு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தந்தான். மாட்டைக்கூட அதட்டாமல், அல்லாஹ்வின் படைப்பே கொஞ்சம் தள்ளி நில் என்கிறார். மாடு தள்ளி நிற்குமா, காலில் மிதித்தது. கந்தூரிக்கு வந்த பாவாமார் தாயிரா தட்டிக்கொண்டு, இரும்பு ஊசியால் கன்னத்தில் குத்தி ராத்திபு ஆடியதைப் பார்த்ததும் இவருக்கு இருப்பே கொள்ளவில்லை. அவர்களுடைய தலைவர் கலீபா, தாடி நரைத்த, கையெல்லாம் இரும்பு வளையல் போட்ட மனிசர். இனி எனக்கு அவர்தான் ஷெய்கு, நான் அவருடைய முரீது, அவர் குரு நான் சீடன், அவர் போற இடம் எனக்கும் வழி என்று வாப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பி இருக்கா என்று கேட்டார். நான் கோப்பியைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் இருந்து அழுதேன். சாகிறது வேறு, விட்டுவிட்டுப் போகிறது வேறு மகள். செத்தால் இத்தா இருக்கலாம். போனவருக்கு என்ன இருக்கிறது, ஒவ்வொரு பாவா தெருவில் போகும்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தக் கலீபாவிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்சாதி உள்ளவனைச் சும்மா சேர்க்கமாட்டார். தானே வீட்டு வாசலுக்கு வந்து, பெண்சாதியின் வாயாலேயே பொருத்தம் என்று கேட்டால்தான் பச்சைத் துண்டு கட்டிவிடுவார். மூன்று முறை கேட்பார், மூன்றாவதிலும் பதில் இல்லையென்றால் மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாராம். போனதுக்கு முதல் வியாழன் காலமை வந்தார். வேலியில் சனம் தொங்குகிறது, மரைக்கார்மார் முற்றத்தில், புலவரும் நிற்கிறார், உன் வாப்பா குளித்து வெள்ளைச் சாரம் கட்டி மூட்டையும் கையுமாகக் கல்யாண மாப்பிள்ளை கணக்கில் நிற்கிறார். நான் கதவுத் திரைக்குப் பின்னால். கலீபா முதல்தரம் கேட்டார். நான் பேசவில்லை. இல்லை என்று சொன்னால் அவுலியா கூப்பிட்ட மனிசனைக் காலில் கட்டிப்போட்டவள் என்று ஊர் சொல்லும். இரண்டாந்தரம் கேட்டார். ஓம் என்று சொன்னால் இந்த வீட்டில் நானும் அந்தக் கிடாயும்தான். மூன்றாந்தரம் அவர் வாயைத் திறக்க முன்பே நான் உள்ளே போய் ஆணியில் கிடந்த லாம்பையும் சாக்கையும் எடுத்து வந்து திரைக்குக் கீழால் முற்றத்தில் தள்ளினேன். இந்தாருங்கோ பாவா, இதுதான் ஆயிரம் சூரியன், இதுதான் பச்சைப் போர்வை, கஸ்தூரி வேணுமெண்டால் மீன் வெட்டுற பலகை கிணத்தடியில கிடக்கு, அண்டைக்குக் கட்டில நிண்டு கத்தினது நான்தான், அன்பாக ஒண்டும் கூப்பிடேல்லை, மடையன் எண்டுதான் கூப்பிட்டனான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

புலவர் முகம் வெளிறிப்போய்விட்டதாம், என் சேவலெல்லாம் அவர் வயிற்றில் கூவியிருக்க வேண்டும். நான் வாப்பா கோபத்தில் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாவதானமாக, எனக்குத் தெரியும் என்றார். முப்பது வருஷமா இந்தத் தொண்டையைக் கேக்கிறன், எனக்குத் தெரியாதே, இந்த உலகத்தில என்னை மடையன் எண்டு கூப்பிட வேற ஆர் இருக்கினம் என்றார். அப்ப ஏன் அவுலியா எண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள் என்று திரைக்குள் நின்றே கேட்டேன். அந்த நேரம் பாத்து உன்னைக் கட்டுக்கு அனுப்பினது ஆர் என்றார். ஆடு அனுப்பினது என்றேன். அந்த ஆட்டை அவிட்டு விட்டது ஆர் என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. உன் உம்மாவுக்கு வாயடைத்ததை நீ பிறந்த நாள் முதல் பார்த்திருக்க மாட்டாய், அன்றைக்கு ஊரே பார்த்தது.

கலீபா குனிந்து லாம்பை எடுத்தார். காதோடு வைத்து ஆட்டி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சிரித்தார் பார், இரும்பு வளையல் எல்லாம் சலசலத்தன. ஒரு முரீதுக்கு ரெண்டு ஷெய்கு ஆகாது, இவருக்கு வழிகாட்ட வீட்டிலேயே ஆள் இருக்கு, அதுவும் திட்டித் திருத்துற ஷெய்கு, நான் கூட்டிக்கொண்டு போனா அது களவு என்று சொல்லி, லாம்பைத் திரைக்கு முன்னால் மரியாதையாக வைத்துவிட்டு, உம்மா, குடிக்க ஏதும் இருக்கா என்றார். மரைக்கார் ஒருத்தர், அப்ப பாட்டை மாத்துறதோ, சேவல் செலவும் ஆகிப்போச்சுது என்று இழுத்தார். மாத்த வேணாம், அப்படியே படியுங்கோ என்று கலீபா சொன்னார். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றியே என் கை ஓய்ந்துபோனது. பாவாமார் வெயில் ஏற முன்பே புறப்பட்டுவிட்டார்கள், உன் வாப்பா வெள்ளைச் சாரத்தோடு வேலியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின் குசினி வாசலில் வந்து குந்தினார். அண்டைக்கு அந்தத் தண்ணிக்குள்ள ஏறின நடுக்கம் இன்னும் கால்ல கிடக்கு ஜொஹறா, எங்கயாவது மலையில கொண்டுபோய் இறக்கி வைக்கலாம் எண்டு பாத்தன் என்றார். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். நடுக்கத்தை இஞ்சயே இறக்கி வையுங்கோ, நெல் அவிக்க வேணும், விறகைப் பிளவுங்கோ என்றேன். பிளந்தார். இப்போது வயலுக்குப் போகிறார், மாட்டை அதட்டுகிறார், இந்த நேரம் ஏரம்புவோடு வரம்பு வெட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் பின்னேரத்தில் நான் லாம்பைக் கொளுத்தும்போது மட்டும் ஆயிரம் சூரியன் கையேந்தி என்று அந்தக் கப்பிக் குரலில் தொடங்கிவிடுவார். வாயை மூடுங்கோ, ஆடு பயப்படுகிறது என்று நானும் திட்டுகிறேன், ஷெய்கு ஆச்சே. வெள்ளிக்கிழமை ராவு பெண்கள் கூடிப் படிக்கும்போது அந்த அடி வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். சிரிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

பேரனுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வெயிலில் கிடத்து, அங்கே வெயில் வந்தால். மருமகனிடம் கொள்ளுத் தண்ணி குடிக்கச் சொல், இருமலை வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். ஏரம்பு கட்டித் தந்த கருவாட்டுப் பார்சலும் நம்முடைய கைக்குத்தரிசியும் அடுத்த லொறியில் வரும், அந்த லொறிக்காரனிடம் ஊர்க்கதை ஒன்றும் கேட்காதே.

இன்னும் ஒன்று மகள். அந்தக் கிடாயைக் கட்டினது நான், என் கையால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கயிறு அறவில்லை. முடிச்சு அவிழ்ந்து கயிறு தாழ்வாரத்தில் நீட்டாகக் கிடந்தது. இந்தப் பத்து நாளாக அதையே யோசிக்கிறேன். அன்று மத்தியானம் முழுக்க, இந்த ஆடு கத்திக் கத்திப் பிள்ளையை எழுப்புது உம்மா என்று நீ முணுமுணுத்ததும் ஞாபகம் வருகிறது. நான் திரும்பி வந்தபோது உன் பாயடியில் ஈரச் சேறு கொஞ்சம் கிடந்தது போலவும் ஞாபகம் வருகிறது, அது என் காலில் வந்த சேறாகவும் இருக்கலாம். நாற்பதுக்குள் இருக்கிற பிள்ளைத்தாய் மஹ்ரிப் நேரத்தில் வாசற்படி தாண்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும், தாண்டினாலும் உம்மாவிடம் சொல்லமாட்டாள் என்றும் தெரியும். நீயா அவிட்டு விட்டாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது வேண்டாம், எழுதாதே. நீதான் என்று எழுதினால் வாப்பா விடமாட்டார், பிள்ளையை அழ வைத்தது ஆர் என்று அடுத்த கேள்வி கேட்பார். நீ இல்லை என்று எழுதினால், அப்போது அவிட்டது ஆர் என்று எனக்கு நித்திரை போய்விடும்.

நீயும் உன் வீடும் பிள்ளையும் பறக்கத்தோடு நெடுங்காலம் இருக்க, எந்த வெள்ளத்திலும் உங்களுக்கு ஒரு லாம்பு எரிய, இரு கையேந்தித் துஆச் செய்கிறேன். பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வருகிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா
க. ஜொஹறா